கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்த நாள்

எந்தச் சந்தையிலும் ஒரு கடை முன்னால் நிலையாக நிற்க என்னால் முடிவதில்லை. போன வாரம் மகளோடு இப்போ நகரத்தில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் தீபாவளிக்காகக் கைவினைக் கடைகள் போட்டிருந்தார்கள். மகள் ஒரு மண் விளக்கை எடுத்து விலை கேட்டு முடிப்பதற்குள் நான் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். "என்னம்மா தேடுறீங்க? நில்லுங்க லா" என்று பின்னாலேயே வந்தாள். ஒன்றும் தேடவில்லை என்றேன். அது உண்மைதான். என்றாலும் அப்படிப்பட்ட கடைகளைப் பார்த்ததும் கால் பரபரக்கத் தொடங்கிவிடுகிறது. என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மகளிடம் சொன்னால் மூட்டு வலிக்கு மருந்து மாற்றிப் பார்க்கலாம் என்பாள்.

தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்த நமக்கு இப்போ நகரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் பீடோருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாதி நாள் பால்வெட்டு இருக்காது. அந்த வருடம் பள்ளி விடுமுறையும் தீபாவளிக்கு முன்னதாகவே தொடங்கிவிட்டது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு இப்போவில் இருந்த பெரிய மாமா வீட்டுக்குப் போனார். பெரிய மாமா அம்மாவின் அண்ணன். அரசாங்க அலுவலகத்தில் வேலை. இரும்புக் கேட் வைத்த வீடு. எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் கேட் வைத்த வீடு அது ஒன்றுதான்.

மாமா என்னிடம் பிரியமாக இருப்பார். அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயணத்தில் அடுத்த வருடப் பள்ளிக்கு எனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது அவர்தான். ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொள்வார். அவர் கையில் எப்போதும் பவுடர் வாசம் அடிக்கும்.

சின்னம்மாவைப் பற்றி அந்த வீட்டில் பேசக் கூடாது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை அவர். ஆயர் தாவார் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மழை நாளில் புருசன் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு லோரியில் ஏறிப் போய்விட்டார். ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். லோரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று சொந்தம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் பெரிய மாமாதான். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் சின்னம்மா பெயரை யாரும் எடுக்கவில்லை. அப்பா தோட்டத்தில் மண்டோர், பால்வெட்டும் ஆட்களுக்கு மேற்பார்வை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் தொண்டையைக் கனைத்தாலே பேச்சு நின்றுவிடும். அவர் எழுந்து போனால் போனதுதான்.

கடைசி நாள் மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. காலையில் மாமி, அதாவது மாமாவின் மனைவி, "சர்ச் மண்டபத்துல கிறிஸ்மஸ் சேல் போட்டிருக்காங்க. கைவேலைச் சாமான்லாம் மலிவா கிடைக்கும். ஒரு நடை பாத்துட்டு வந்துருங்க" என்றார். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று நான் அடம்பிடித்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் அது குதிகாலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

மண்டபத்தில் கேக் வாசமும் ஈரக் குடை வாசமும் கலந்து கிடந்தன. கம்பளி நூலில் பின்னிய குழந்தைச் சாக்ஸ், பூப்போட்ட தலையணை உறை, ஜாம் போத்தல்கள். அம்மா ஒவ்வொரு மேசையாக ஆற அமரப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் வயர் கூடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் வயரில் பின்னும் கூடைகள்தாம். அப்போது எந்த வீட்டில்தான் அது இல்லை? அம்மா சிவப்பும் வெள்ளையுமாக இருந்த ஒன்றை எடுத்தார். திருப்பினார். அடிப்பக்கம் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு மூலையில் மட்டும் ஒரு வரி பச்சை வயர் ஓடியிருந்தது. அம்மாவும் சின்னம்மாவும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது சேர்ந்து கூடை பின்னுவார்களாம். மிஞ்சின துண்டு வயரைச் சின்னம்மா எறியவே மாட்டாராம். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடியில் வைத்துப் பின்னிவிடுவாராம். இதெல்லாம் பிற்பாடு அம்மா சொன்னது. அன்றைக்கு அம்மா அடுத்த கூடையைத் திருப்பினார். அதில் மஞ்சள் வரி. அதற்கடுத்ததில் நீலம்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். "என்ன பிள்ளை, ஓட்டை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"இதைப் பின்னினது யாருங்க?"

"அது எனக்குச் சரியாத் தெரியாது. ஒரு சீன மனுசிதான் கொண்டந்து தாறவ. இண்டைக்கு அவ பள்ளிக்கூடத்து மண்டபத்தில கடை போட்டிருக்கிறா. அங்க போய்க் கேட்டுப் பாருங்கோ."

அம்மா அந்தச் சிவப்புக் கூடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்தார், ஆனால் என் தலைக்கு மேல் பிடிக்க மறந்துவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றேன். "வா" என்றார். அவ்வளவுதான்.

பள்ளி மண்டபம் அங்கிருந்து நல்ல தூரம். அம்மா நடந்தாரா ஓடினாரா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி வழிகளில் கடைக்காரர்கள் சாக்கு விரித்திருந்தார்கள். காப்பிக் கடையிலிருந்து கொட்டை வறுக்கும் வாசம் வந்தது. எனக்குப் பசி. சப்பாத்து வேறு ஒவ்வொரு அடிக்கும் கடித்தது. கூட்டத்தில் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

பள்ளி மண்டபத்தில் வயர் கூடை வைத்திருந்த மேசைகள் பல இருந்தன. அம்மா ஒவ்வொன்றிலும் கூடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகாக அடுக்கி வைத்திருந்த கூடைகள் சரிந்து விழுந்தன. ஒரு பெண் முகத்தைச் சுளித்து, "வாங்கப் போறியா, சும்மா கலைக்க வந்தியா?" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று பயமாகக்கூட இருந்தது. கடைசியில் அந்தச் சீன அம்மாவைக் கண்டுபிடித்தோம். மலாயும் தமிழும் கலந்து பேசினார். அம்மா கையிலிருந்த கூடையைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஓ, அது அந்தப் பொண்ணு. இந்த ஊர்லயே புந்தோங் பக்கம் இருக்கு. நல்ல பொண்ணு லா. இன்னிக்கு இங்க வராது. திடல்ல தீபாவளிக் கடை போட்டிருக்கு."

"அதுகூட யாரு இருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"யாரும் இல்ல. ஒரே ஆளு. பாவம்."

அம்மா ஒரு நிமிடம் அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடியும் நடை.

திடலில் கான்வாஸ் பந்தல்கள் மழைத் தண்ணீரில் தொப்பை தொப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே சேறு. என் வெள்ளைச் சப்பாத்து அங்கேதான் நிறம் மாறியது. கோலப்பொடி, வளையல், முறுக்கு அச்சு, வெடி என்று கடைகள் நீண்டுகொண்டே போயின. அம்மா முகங்களைப் பார்க்கவில்லை. கூடைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனார். முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசி வரிசையில் ஒரு சின்னக் கடை. ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தலில் தேங்கிய தண்ணீரை ஒரு கழியால் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்தார். அந்தப் பெண் திரும்பாமலே, "அடியெல்லாம் கெட்டியாத்தான் இருக்கும்க்கா. பயப்படாம வாங்குங்க" என்றார்.

எந்த வாடிக்கைக்காரியையும் அக்கா என்றுதானே கூப்பிடுவோம். பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். கழி கையிலிருந்து நழுவியது. மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் வளையல் கடைக்காரர் பக்கம் கொட்டியது. அவர் கத்திய கத்தலை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சின்னம்மா முதலில் என் காலைப் பார்த்தார். "சப்பாத்து கடிக்குதா? இங்க உக்காரு" என்று ஒரு பெட்டியைக் காட்டினார். ஒரு துணியைக் கிழித்து மடித்துக் குதிகாலில் வைத்தார். ஒரு காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கொடுத்தார். வறுத்த கடலையும் ஓமப்பொடியும் சூடாக இருந்தன. தான் குடியிருக்கும் அறைக்குப் பின்னாலேயே அதைப் பொரிக்கிறார்கள் என்றும், தலைமுடியெல்லாம் அந்த எண்ணெய் வாசம்தான் என்றும் சொன்னார். என்னிடம்தான் பேசினார். அம்மா பக்கம் திரும்பவில்லை.

இடையில் ஒரு குடும்பம் வந்து கூடை கேட்டது. சின்னம்மா எடுத்துக் காட்டி விற்றார். அவர்கள் போன பிறகு அம்மா மெல்லக் கேட்டார்.

"அவன் எங்க?"

"எவன்?"

"அந்த லோரிக்காரன்."

சின்னம்மா அம்மாவை நேராகப் பார்த்தார். "காய்கறி லோரிக்கா அது. பல்லுப் போன சீனக் கெழவன். மழையில நின்னுட்டிருந்தேன், பாவம்னு ஏத்திக்கிட்டாரு. இந்த ஊர் வரைக்கும் கொண்டாந்து, அண்ணே வீட்டு முக்குல எறக்கி விட்டுட்டுப் போனாரு."

"எந்த அண்ணே வீடு?"

"நமக்கு எத்தனை அண்ணே இருக்காங்க?"

சின்னம்மா கூடைகளை அடுக்கிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். புருசன் குடித்துவிட்டு அடிப்பான். அன்றைக்குத் தோசை திருப்பும் சட்டுவத்தை அடுப்பில் காய வைத்தான். அவர் முழங்கைக்கு மேல் துணியை ஒதுக்கிக் காட்டியபோது நான் கடலையை வாயில் போட்டபடி பார்த்தேன். தோல் அங்கே வழவழவென்று மின்னியது.

"அண்ணே கேட்டத் தொறக்கல. உள்ள நின்னுக்கிட்டே, புருசன் வீட்டுக்குப் போ, நாளைக்கு வந்து பேசறேன்னாரு. அண்ணி சன்னல்ல நின்னாங்க. அவ்வளவுதான். நான் புந்தோங்குக்கு நடந்தேன்."

"எங்கிட்ட வந்திருக்கக் கூடாதா?"

"மண்டோர் வீட்டுக்கா? உன் வீட்டுக்காரரு விட்டிருப்பாரா? ஊரே அவரப் பாத்துப் பயப்படுது." கையிலிருந்த கூடையை அடுக்கிவிட்டு, "அதுக்குள்ள லோரிக் கதை எல்லாருக்கும் போயிருச்சு. நீயும் நம்பினியாக்கா?" என்று கேட்டார்.

"நம்பல," என்றார் அம்மா. பிறகு, "நம்பலன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல," என்றார்.

சின்னம்மா கழியை எடுத்து மறுபடியும் தண்ணீரைத் தள்ளினார், இந்த முறை கவனமாக, ரோட்டுப் பக்கமாக. தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வா என்று அம்மா கூப்பிட்டார். என் அப்பா கூப்பிட்டால் வருவதாகச் சொன்னார் சின்னம்மா. நடக்காது என்று தெரிந்தே சொன்னதுபோல இருந்தது. புந்தோங்கில் எந்தச் சந்து, எந்தக் கடைக்குப் பின்னால் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார். அம்மா அந்த வழியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மத்தியான பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

மாமா வேலை முடிந்து வந்து, முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பை கட்டித் தயாராக வாசலில் இருந்தது. "எங்க போனீங்க இவ்வளவு நேரம்? பிள்ளை சப்பாத்தப் பாரு, சேறு" என்றார். கோபமாக அல்ல. உண்மையிலேயே கவலைப்பட்டிருந்தார்.

"தங்கச்சியப் பாத்தேன்" என்றார் அம்மா.

பேப்பர் கீழே இறங்கியது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"தனியாத்தான் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கேட்டுலதான் வந்து நின்னுச்சு. தெரிஞ்சுக்கிட்டே எங்க வீட்டுக்கு வந்து அந்தக் கதையச் சொன்னீங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் பொய் சொல்லப் பார்க்கவில்லை. "கதவத் தொறந்தா இங்கயே தங்கிரும். தொறக்கலன்னா திரும்பிப் போயிரும்னு நெனச்சேன். ரெண்டு நாளு கோவம், அப்புறம் சரியாயிரும்னு நெனச்சேன். அது போகல. சம்பந்தி வீட்டுல லோரின்னாங்க. இல்லன்னு சொன்னா, அப்போ ஏன் நீ உள்ள விடலன்னு கேப்பாங்க. நான் என்ன செய்ய?"

எனக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த மாமாதான் பேசுகிறார். அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு நான் இந்தக் கேட்டுல வந்து நின்னா, எனக்கும் ஒரு லோரிக்காரனக் கண்டுபிடிப்பீங்களா அண்ணே?"

மாமி கட்டி வைத்திருந்த முறுக்கு டின்னை அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. நான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியவில்லை. சன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். கூடைக்குள் கையை விட்டார், எடுத்தார். கம்பார் தாண்டும்போது மலைகள் மழையில் கரைந்து தெரிந்தன. தாப்பா தாண்டியதும், "அப்பாகிட்ட நீ எதுவும் சொல்லாத. நான்தான் சொல்லணும்" என்றார். பிறகு, "எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

தோட்டத்து முனையில் அப்பா சைக்கிளோடும் குடையோடும் நின்றிருந்தார். மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்து வந்து போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டினார். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். அம்மா ஈரச் சேலையோடு அடுப்படி வாசலில் நின்றார். எப்படித் தொடங்குவது என்று பஸ் முழுக்க யோசித்தவர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். திடல், கடை, கெழவன், கேட், சட்டுவம்.

அப்பா ஊதுகுழலை வைத்துவிட்டுக் கேட்டார். "ஏன் கையோட கூட்டிட்டு வரல?"

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா மறுபடியும் அதையே கேட்டார்.

"அன்னைக்குச் சோத்துல இருந்து எழுந்து போனீங்களே."

"உங்க அண்ணன் மேல கோவம். கூடப் பொறந்த பொண்ணப் பத்தி ஒரு அண்ணன் பேசற பேச்சா அது? எழுந்து போகலன்னா ஏதாவது சொல்லியிருப்பேன்."

"அதை ஏன் இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லல?"

"நீ உங்க அண்ணன் பேச்சத்தான் கேப்ப. நான் எதுக்கு நடுவுல?"

அம்மா அழுதார் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்பாவைத் திட்டினார். பெரட்டில் எல்லாரையும் அதட்டுகிற வாய் வீட்டில் மட்டும் எங்கே போனது என்று கேட்டார். அந்த மனுசரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தேத்தண்ணி கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே ஒருவருக்கு ஒருவர் பயந்து, ஒரு பெண்ணைத் தனியாகக் கிடக்க விட்டிருந்தார்கள். எனக்கு அது விளங்க, எனக்கும் கல்யாணமாகி நானும் சில விஷயங்களைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தனியாகப் பஸ் ஏறி இப்போவுக்குப் போனார். சின்னம்மாவிடம் என்ன பேசினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. புந்தோங்கிலிருந்து ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே மட்டும் வந்தது. சின்னம்மா புருசன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் புந்தோங்கிலேயே சின்னக் கடை வைத்தார். பெரிய மாமா அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. பிறகு அவர் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது, கஞ்சி வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்களில் சின்னம்மாவும் ஒருவர். அந்தக் கேட்டை அவருக்குத் திறந்துவிட்டவர் மாமிதான்.

நான் சொல்ல வந்தது அந்தத் தீபாவளிக் காலையை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வேட்டி கட்டி, அப்பா விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். நானும் கூடப் போனேன். முதல் பஸ்ஸில் சின்னம்மா இல்லை. அடுத்ததிலும் இல்லை. வரமாட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்பா அசையவில்லை. பிறகு வந்த பஸ்ஸிலிருந்து சின்னம்மா தலையைக் குனிந்தபடி இறங்கினார். புதுச் சேலை இல்லை, ஆனால் நன்றாகத் தேய்த்துக் கட்டியிருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக ஒரு குறுக்கு வழி உண்டு. ஆள் நடமாட்டம் குறைவு. சின்னம்மா அந்தப் பக்கம் திரும்பினார். அப்பா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, லயங்களுக்கு நடுவே போகும் பெரிய பாதையில் முன்னால் நடந்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் வெடி கொளுத்துவதை நிறுத்தினார்கள். அப்பா அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்றார். வீட்டு விஷயத்தில் வாய் திறக்காத அந்த மனுசர், பெரட்டில் பேர் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்:

"என் கொழுந்தியா. இப்போ டவுன்ல இருந்து எங்க வீட்டுக்குத் தீவாளிக்கு வந்திருக்கு."